வெளிநாட்டில் இருக்கும்போது இந்திய ப்ரீபெய்டு நம்பரை உயிரோடு வைத்திருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை, படிப்பு, பிள்ளை வீட்டில் தங்கல் என்று ஓரிரு வருடம் வெளிநாடு போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களைத் தொகுத்திருக்கிறோம். பதில்கள் இந்திய ப்ரீபெய்டு நம்பருக்கானவை. படிக்கும்முன் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். நம்பர் உங்கள் பெயரில் நீடிப்பது ஒரு விஷயம். பேக் செல்லுபடியாக இருப்பது இன்னொன்று. சிம் அந்த ஊர் நெட்வொர்க்கில் பதிவாகி ஓடிபி வந்து சேர்வது மூன்றாவது. இங்கே வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றையும் ஒன்றாக நினைப்பதால் வருபவைதான்.

ரீசார்ஜ் பண்ணாம விட்டா நம்பர் எத்தனை நாள் இருக்கும்?

பேக் முடிந்ததும் அவுட்கோயிங் நின்றுவிடும். இன்கமிங் காலும் எஸ்எம்எஸ்ஸும் சில நாள் வரும், பிறகு அதுவும் நிற்கும். அந்தச் சில நாள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும் என்பதால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். நம்பரையே பறிப்பதற்குத்தான் தெளிவான விதி இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, பயன்பாடு இல்லை என்று சொல்லி ஒரு ப்ரீபெய்டு நம்பரை 90 நாளுக்கு முன்னால் துண்டிக்கக் கூடாது.

எது பயன்பாடு என்பதையும் அந்த விதியே சொல்கிறது. பேசிய கால் (வந்ததானாலும் போனதானாலும்), நீங்கள் அனுப்பிய எஸ்எம்எஸ், டேட்டா, கட்டிய வாடகை ஆகியவை கணக்கில் சேரும். உங்களுக்கு வந்த எஸ்எம்எஸ் சேராது. "தினமும் பேங்க் மெசேஜ் வருதே, நம்பர் ஓடிக்கிட்டுதானே இருக்கு" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பேக் உள்ள நம்பரைப் பயன்பாடு இல்லை என்று வெட்டுவது வழக்கமில்லை. ஆனாலும் 60 நாளுக்கு ஒருமுறை வீட்டு நம்பருக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிவிடுவது நல்லது.

அக்கவுண்ட்ல 20 ரூபா இருந்தா போதும், சிம் கட் ஆகாதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

பாதி உண்மை. அதுவும் மேலே சொன்ன 2013 விதிதான். 90 நாள் பயன்பாடே இல்லாமல் போனாலும் மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால், 20 ரூபாயைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும். பேலன்ஸ் 20-க்குக் கீழே இறங்கும்வரை இது தொடரும். அதன் பிறகு துண்டித்தாலும், மீட்டுக்கொள்ள 15 நாள் அவகாசம் உண்டு.

இதில் இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். முதலாவது, 20 ரூபாய்க்கு டாப்-அப் போட்டால் கணக்கில் ஏறுவது 14.95 ரூபாய்தான். வரியும் செயல்பாட்டுக் கட்டணமும் போய்விடும். 100 ரூபாய் போட்டால் 81.75 ஏறும். அது நான்கு கழிப்புக்கு, அதாவது 120 நாளுக்கு வரும். இரண்டாவதுதான் பெரிய ஏமாற்றம். இந்த ஏற்பாடு நம்பரை உங்கள் பெயரில் நிறுத்தி வைக்கிறதே ஒழிய, பேக் இல்லாத சிம்முக்கு இன்கமிங் எஸ்எம்எஸ் தராது. ஓடிபி வேண்டியவருக்கு 20 ரூபாய் விதியால் பயனில்லை. பேக் போட மறந்துபோன மாதத்தில் நம்பரைக் காக்கும் வேலி என்று மட்டும் எடுத்துக்கொண்டு, மெயின் பேலன்ஸில் 100, 200 ரூபாய் எப்போதும் விட்டு வையுங்கள்.

டேட்டாவே வேண்டாம். எந்த பேக் போட்டா குறைஞ்ச செலவு?

2024 டிசம்பரில் டிராய் கொண்டுவந்த திருத்தத்தால், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றையாவது ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருக்க வேண்டும். சிறப்பு வவுச்சர்களின் அதிகபட்ச செல்லுபடியும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்ந்தது. வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்தப் பேச்சு பேக்தான் சரி. இந்திய டேட்டா அங்கே செல்லாது என்பதால், தினம் 2 ஜிபி பேக்குக்குக் கொடுக்கும் பணம் முழுக்க வீண்.

2025 தொடக்கத்தில் ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய். ஜியோவில் 84 நாளுக்கு 448 ரூபாய், 336 நாளுக்கு 1,748 ரூபாய். விலை அவ்வப்போது மாறும், போடுகிற அன்று ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். விலையைவிட நாள் கணக்கைக் கவனியுங்கள். 336 நாள் என்பது 28 நாள் மாதங்கள் பன்னிரண்டு, முழு வருடத்துக்கு 29 நாள் குறைவு. 'வருஷ பேக் போட்டிருக்கேன்' என்ற நிம்மதியில் இருப்பவருக்கு பதினோராவது மாதக் கடைசியில் ஓடிபி நின்றுபோவது இதனால்தான். பேக் முடியும் தேதியை போன் காலண்டரில் குறித்து, 15 நாள் முன்னதாக நினைவூட்டல் வையுங்கள். வீட்டில் இருக்கும் ஒருவருடைய காலண்டரிலும் அதையே குறியுங்கள்.

ரெண்டு வருஷத்துக்குப் போறேன். ரெண்டு பேக்கை இப்பவே சேர்த்துப் போட்டுடலாமா?

ஒரு பேக் ஓடும்போதே அடுத்ததைப் போட்டால் அது வரிசையில் காத்திருந்து, முதலாவது முடிந்ததும் தானாகத் தொடங்கும் வசதி உண்டு. ஆனால் எல்லாக் கம்பெனியிலும் எல்லா பேக்கும் அப்படிக் காத்திருக்காது. சில பேக் உடனே தொடங்கி முதலாவதோடு சேர்ந்தே ஓடிவிடும். அப்படியானால் 1,800 ரூபாய் வீண். போடுவதற்கு முன் ஆப்பிலோ கஸ்டமர் கேரிலோ இந்த ஒன்றை மட்டும் கேட்டு உறுதி செய்யுங்கள். போட்ட பிறகு, அடுத்து வரும் பேக் என்ற இடத்தில் அது தெரிகிறதா என்று பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பேக் இருக்கு, நம்பர் ஆக்டிவ். ஆனா இங்க வந்ததுல இருந்து ஒரு ஓடிபிகூட வரலை. ஏன்?

தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது விஷயம் இதுதான். சிம் அங்குள்ள ஏதோ ஒரு நெட்வொர்க்கில் பதிவானால்தான் எஸ்எம்எஸ் வந்து சேரும். அதற்கு இன்டர்நேஷனல் ரோமிங் ஆன் ஆகியிருக்க வேண்டும். ப்ரீபெய்டில் பல நேரம் அது தானாக ஆன் ஆகியிருக்காது. கம்பெனியின் ஆப்பில் ரோமிங் பகுதிக்குப் போய் நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும். சில இணைப்புகளில் ஒரு சிறிய ரோமிங் பேக் போட்டால்தான் அது ஆன் ஆகும். இந்தியாவில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அங்கே போன பிறகு ஆன் செய்யப் போனால் ஆப் முதலில் கேட்பதே ஓடிபியாக இருக்கும், அந்த ஓடிபி வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

விமானம் இறங்கி போனை ஆன் செய்ததும் இந்திய சிம்மின் பெயருக்குப் பக்கத்தில் அந்த ஊர் நெட்வொர்க்கின் பெயர் தெரிய வேண்டும். அடுத்த சில நிமிடங்களில் உங்கள் கம்பெனியிடமிருந்து வரவேற்பு எஸ்எம்எஸ் வரும். அது வந்துவிட்டால் இன்கமிங் எஸ்எம்எஸ் வேலை செய்கிறது என்று அர்த்தம். விமான நிலைய வைஃபையிலேயே வங்கி ஆப்பைத் திறந்து ஓர் ஓடிபியை வரவழைத்துப் பாருங்கள். பணம் கட்ட வேண்டிய கடைசி நாளில் கண்டுபிடிப்பதைவிட அங்கேயே தெரிந்துகொள்வது நல்லது.

சிக்னல் இருந்தும் வரவில்லையா? ஏரோபிளேன் மோடை அரை நிமிடம் ஆன் செய்து எடுங்கள். சரியாகாவிட்டால் மொபைல் நெட்வொர்க் செட்டிங்கில் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதியை அணைத்துவிட்டு, பட்டியலில் உள்ள வேறொரு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுங்கள். ஓடிபி வராத பல நேரம் இதுதான் தீர்வு. தானாகப் பிடிக்கும் நெட்வொர்க்கைவிட மற்றொன்றில் எஸ்எம்எஸ் ஒழுங்காக வருவது சகஜம். மெசேஜ் ஆப்பின் ஸ்பாம் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். 'சேவை இல்லை' என்றோ 'அவசர அழைப்பு மட்டும்' என்றோ காட்டினால் ரோமிங் ஆன் ஆகவில்லை, அல்லது அந்த நாட்டில் உங்கள் கம்பெனிக்கு ஒப்பந்தம் இல்லை.

பழைய பட்டன் போன்ல இந்திய சிம்மைப் போட்டு வெச்சா போதாதா?

நாட்டைப் பொறுத்தது. சிங்கப்பூரில் 2ஜி 2017-லேயே நின்றுவிட்டது, 3ஜியும் 2024-ல் நின்றது. ஆஸ்திரேலியாவிலும் 3ஜி 2024 அக்டோபரில் மூடப்பட்டது. அங்கெல்லாம் 2ஜி மட்டும் பிடிக்கும் பட்டன் போனில் சிக்னலே வராது. 4ஜி பிடிக்கும் போனாக இருக்க வேண்டும்.

சிம்மை போன்ல வெச்சிருந்தா ரோமிங்ல காசு பறந்துடுமா?

வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு ரோமிங்கில் பொதுவாகக் கட்டணம் இல்லை. அடிக்கும் போனை எடுக்காமல் விட்டால் கட்டணம் இல்லை, எடுத்தால் நிமிடக் கணக்கில் போகும். இந்தியாவில் அளவில்லாமல் பேசத் தரும் பேக்கும், அதில் உள்ள எஸ்எம்எஸ்களும் ரோமிங்கில் செல்லாது. அங்கிருந்து அனுப்பும் எஸ்எம்எஸ் மெயின் பேலன்ஸிலிருந்து போகும். கட்டணம் நாட்டுக்கு நாடு வேறு, முதலில் ஆப்பில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

காசைக் கரைப்பது டேட்டா. இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணையுங்கள். டேட்டாவுக்கு எந்த சிம் என்ற இடத்தில் உள்ளூர் சிம்மைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் அதே இடத்தில் 'மொபைல் டேட்டா மாற்றத்தை அனுமதி' என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும், அதையும் அணையுங்கள். அது ஆன் ஆகியிருந்தால் உள்ளூர் சிம்மில் சிக்னல் குறையும்போது போன் இந்திய சிம்முக்குத் தாவப் பார்க்கும். ஐபோன்காரர்களுக்கு இன்னொன்று. ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் உங்கள் நம்பரைப் பதிவு செய்ய, உங்களிடம் சொல்லாமலே ஒரு வெளிநாட்டு எஸ்எம்எஸ் அனுப்பும். சிம்மை அணைத்து ஆன் செய்யும்போதெல்லாம் இது திரும்ப நடக்கலாம். 'ஒண்ணுமே பண்ணல, பேலன்ஸ் குறையுது' என்றால் முதலில் இதைப் பாருங்கள். அந்த இரண்டிலும் இந்திய நம்பரைத் தேர்வு நீக்கிவிடலாம்.

வைஃபை காலிங் ஆன் பண்ணிட்டா ரோமிங்கே வேண்டாம்னு சொல்றாங்களே?

சில கம்பெனிகளின் சிம்மில் வெளிநாட்டு வைஃபை வழியாகவும் இந்திய நம்பர் இயங்கும். சிக்னல் எட்டாத அடித்தள அறையில் ஓடிபி வர அது உதவும். ஆனால் இலவசம் என்று நினைத்துப் பேச ஆரம்பிக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வைஃபையில் பேசுவதற்கு ரோமிங் கட்டணம் பிடிக்கும் கம்பெனி உண்டு. உங்கள் கம்பெனியின் ரோமிங் கட்டணப் பக்கத்தில் வைஃபை காலிங் பற்றி என்ன இருக்கிறது என்று தேடிப் படியுங்கள். கூடுதல் வழியாக வைத்துக்கொள்ளுங்கள், ரோமிங்குக்கு மாற்றாக வேண்டாம்.

சிம்மை அம்மாகிட்ட கொடுத்துட்டுப் போயிட்டா? ஓடிபி வந்தா போன்ல கேட்டுக்கலாமே.

வருடத்தில் நாலைந்து ஓடிபி போதும் என்பவருக்கு இது ஓடும். ரோமிங் தொல்லை இல்லை, மாதம் ஒருமுறை அம்மாவே அந்த நம்பரிலிருந்து யாருக்காவது பேசினால் பயன்பாடும் ஆயிற்று. ஆனால் பேக் இதற்கும் வேண்டும். போனைச் சார்ஜில் வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். ஓடிபி பல நேரம் சில நிமிடங்களில் காலாவதியாகும். நீங்கள் அமெரிக்காவில் மதியம் உட்கார்ந்து பணம் அனுப்பும்போது ஊரில் நள்ளிரவு.

முக்கியமான குறை, உங்கள் கையில் உள்ள போனில் யுபிஐயும் பல வங்கி ஆப்களும் புதிதாகப் பதிவாகாது (காரணம் யுபிஐ கேள்வியில் வருகிறது). கால் ஃபார்வர்டு போட்டாலும் எஸ்எம்எஸ் ஃபார்வர்டு ஆகாது. எஸ்எம்எஸ்ஸை மெயிலுக்கு அனுப்பும் ஆப்களை அம்மாவின் போனில் போட வேண்டாம். உங்கள் எல்லா ஓடிபியையும் முகம் தெரியாத ஒரு ஆப்புக்குப் படிக்கக் கொடுப்பது அது. வீட்டில் இருப்பவரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லிவிட்டுப் போங்கள்: நீங்கள் வாயால் கேட்டால் மட்டும் ஓடிபி சொல்ல வேண்டும், 'பையன் அனுப்பச் சொன்னான்' என்று வரும் எந்த காலுக்கும் சொல்லக் கூடாது.

சாதாரண சிம்மா, இ-சிம்மா? எதை எடுத்துட்டுப் போறது?

போன் மாற்றும் எண்ணம் இல்லை, அங்கே உள்ளூர் சிம்முக்கு இடம் வேண்டும் என்றால் இந்திய நம்பரை இ-சிம்மாக்கிக்கொண்டு (பிளாஸ்டிக் இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) போவது வசதி. தொலையாது, கழற்றி வைத்து மறக்கவும் முடியாது. அமெரிக்காவில் போய் ஐபோன் வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். 2022-ல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் தட்டே கிடையாது. பிளாஸ்டிக் சிம்மோடு போனால் அதை நுழைக்க இடம் இருக்காது.

இ-சிம்மின் சிக்கல் போன் உடையும்போதோ மாறும்போதோ வரும். பழைய போனில் இ-சிம்மைப் பதிவு செய்யப் பயன்படுத்திய க்யூஆர் குறியீடு பெரும்பாலும் மறுபடி செல்லாது. புதிது கேட்க அதே நம்பரிலிருந்து எஸ்எம்எஸ்ஸோ ஓடிபியோ தேவைப்படும். புதுப் போனுக்கு மாற்றி, அதில் சிக்னல் வந்து, ஓர் ஓடிபி வரும்வரை பழைய போனில் இ-சிம்மை அழிக்காதீர்கள். சிம் மாற்றினாலோ இ-சிம்மாக்கினாலோ பாதுகாப்புக்காக 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தப்படும் என்பதையும் மனதில் வைத்து, கிளம்புவதற்கு முந்தைய நாள் இந்த வேலையைத் தொடாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் முன்னதாக முடித்துவிடுங்கள்.

ஜிபே, போன்பே அங்க இருந்தும் ஓடுமா?

இந்தியாவில் பதிவு செய்த யுபிஐ ஆப் அதே போனில், அதே சிம்மோடு, வைஃபையிலேயே ஊருக்குப் பணம் அனுப்ப ஓடும். பதிவு செய்யும்போதுதான் சிக்கல். சாதாரணமாக ஓடிபி உங்களுக்கு வரும், யுபிஐயில் உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். அந்தச் சிம்தான் அந்தப் போனில் இருக்கிறது என்று வங்கி அப்படித்தான் உறுதி செய்கிறது. ரோமிங்கில் அந்த எஸ்எம்எஸ் பேலன்ஸ் இல்லாமல் போகாது, பேலன்ஸ் இருந்தும் பல நேரம் உரிய நேரத்தில் போய்ச் சேராது. ஆகவே வெளிநாட்டில் இருக்கும்போது ஆப்பை அழிக்காதீர்கள், போனை ரீசெட் செய்யாதீர்கள், சிம்களை இடம் மாற்றிப் போடாதீர்கள்.

ஒரு வருடம் பரிவர்த்தனையே இல்லாத யுபிஐ ஐடிகளை முடக்க, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ 2023-ல் சொல்லியிருக்கிறது. எப்போதாவது வீட்டுக்கு ஒரு சின்னத் தொகை அனுப்பிவிடுங்கள். வேலைக்காகப் போகிறவர்கள் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படி என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு உள்ளவர்கள் வெளிநாட்டு நம்பரிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள 2023 ஜனவரியில் வழி திறந்தது. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா, ஹாங்காங், ஓமன், கத்தார், அமெரிக்கா, சவுதி, அமீரகம், பிரிட்டன் என்று முதலில் பத்து இடங்களின் நம்பர்களுக்கு அனுமதி வந்தது. உங்கள் வங்கியும் ஆப்பும் அதைத் தருகின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். தந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

அப்படின்னா எல்லாத்துலயும் வெளிநாட்டு நம்பரையே கொடுத்துட்டு இந்திய நம்பரை விட்டுடலாமே?

ஆதார் விடாது. ஆதாரின் எஸ்எம்எஸ் வெளிநாட்டு நம்பர்களுக்குப் போவதில்லை. வருமான வரி, பிஎஃப், டிஜிலாக்கர் என்று ஆதார் ஓடிபி கேட்கும் இடமெல்லாம் அந்த ஒரு நம்பரில்தான் தொங்குகின்றன. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்த 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். ஆதார் ஓடிபி வராவிட்டால் நெட் பேங்கிங் வழியாகச் சரிபார்க்கலாம், அல்லது கையெழுத்திட்ட படிவத்தைப் பெங்களூரு மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். வங்கியில் வெளிநாட்டு நம்பரும் மெயிலும் கொடுத்துவிட்டு, இந்திய நம்பரை ஆதாருக்காக வைத்துக்கொள்வதுதான் எங்கள் யோசனை.

அங்க இருந்து ரீசார்ஜ் பண்றது எப்படி? கார்டு எடுக்க மாட்டேங்குது.

கம்பெனி ஆப்கள் வெளிநாட்டு கார்டை மறுப்பது உண்டு. இந்திய கார்டு போட்டால் ஓடிபி கேட்கும். பேக் முடிந்து இன்கமிங்கும் நின்றுபோயிருந்தால் அந்த ஓடிபி வராது, ரீசார்ஜ் செய்யாமல் ஓடிபி இல்லை, ஓடிபி இல்லாமல் ரீசார்ஜ் இல்லை என்று மாட்டிக்கொள்வீர்கள். ஏற்கெனவே பதிவான யுபிஐ இருந்தால் பின் நம்பர் மட்டும் போதும், அதுதான் எளிது. இல்லாவிட்டால் ஊரில் யாரிடமாவது சொல்லுங்கள். யாருடைய நம்பருக்கும் யாரும் ரீசார்ஜ் செய்யலாம், ஓடிபி உங்களிடம் கேட்காது. பேக்கின் சரியான தொகையையும் நாளையும் சொல்லுங்கள். 'ஒரு ரீசார்ஜ் போட்டுடுப்பா' என்று மட்டும் சொன்னால் 28 நாள் டேட்டா பேக்கைப் போட்டுவிடுவார்கள்.

வேற கம்பெனி பேக் மலிவா இருக்கு. கிளம்புறதுக்கு முன்னாடி போர்ட் பண்ணிடலாமா?

நேரம் இருந்தால் செய்யலாம். ஆங்கிலத்தில் போர்ட் என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லும். இப்போதைய கம்பெனியில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். 2024 ஜூலை முதல், சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் போர்ட் கேட்டால் குறியீடே வராது. பழைய பேக்கும் பேலன்ஸும் போய்விடும். ரோமிங், யுபிஐ எல்லாவற்றையும் புது சிம்மில் மறுபடி அமைத்துப் பார்க்க வேண்டும் என்பதால், கிளம்பும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் தொடங்குங்கள். இரண்டு வாரம்கூட இல்லை என்றால் வேண்டாம், சில நூறு ரூபாய்க்காக நம்பரை நடுவழியில் விடாதீர்கள்.

சிம் அப்பா பேர்ல இருக்கு. அதனால ஏதாவது பிரச்சினையா?

எல்லாம் ஓடும்வரை தெரியாது. சிம் தொலைந்தாலோ இ-சிம் மாற்ற வேண்டி வந்தாலோ அடையாளச் சான்றோடு போக வேண்டியவர் அப்பா. கிளம்புவதற்கு முன் அவரையும் கூட்டிக்கொண்டு கம்பெனி ஸ்டோருக்குப் போய் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஒருவர் பெயரில் உள்ள எல்லா நம்பரையும் பார்க்கலாம். அங்கே பழக்கமில்லாத நம்பர் என்று உங்கள் நம்பரை வீட்டில் யாராவது 'என்னுடையது அல்ல' என்று குறித்துவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படலாம். அப்பா பெயரிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தால் இதை அவரிடம் சொல்லி வையுங்கள்.

இந்திய சிம் இல்லாமலே வாட்ஸ்அப் ஓடுதே. அதுக்கும் நம்பர் தேவையா?

போன் மாற்றும் நாளில் சரிபார்ப்புக் குறியீடு பழைய நம்பருக்குத்தான் போகும். அதோடு, மெசேஜ் ஆப்கள் போனில் உள்ள ஆக்டிவ் சிம்மோடு இணைந்தே இயங்க வேண்டும் என்று 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. சிம்மைக் கழற்றி டப்பாவில் போட்டு வைக்காமல் போனின் இரண்டாவது இடத்திலேயே வைத்திருக்க இது இன்னொரு காரணம். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்பு பின்னையும் மீட்பு மெயிலையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

'உங்கள் கேஒய்சி காலாவதியானது, 24 மணி நேரத்தில் சிம் முடக்கப்படும்'னு மெசேஜ் வந்திருக்கு. என்ன செய்ய?

அதில் உள்ள லிங்க்கையும் நம்பரையும் தொடாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவரின் பயத்தைக் குறிவைக்கும் மோசடி இது. கம்பெனியின் ஆப்பை நீங்களே திறந்து பேக் நிலையைப் பாருங்கள், அங்கே ஏதும் இல்லாவிட்டால் பிரச்சினை இல்லை. மெசேஜை சஞ்சார் சாத்தியின் சக்ஷு பகுதியில் புகார் செய்யலாம். பணம் போயிருந்தால் ஊரில் உள்ளவரை உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

கவனிக்காம விட்டுட்டேன், நம்பர் போயிடுச்சு. திரும்பக் கிடைக்குமா?

எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான் கேள்வி. துண்டித்து 15 நாளுக்குள் என்றால் மேலே சொன்ன அவகாசம் இருக்கிறது. கஸ்டமர் கேருக்கு மெயில் அனுப்பி, ஊரில் ஒருவரை விட்டு ரீசார்ஜ் முயற்சி செய்யுங்கள். அதைத் தாண்டிவிட்டாலும் கேட்டுப் பாருங்கள். துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் டிராய் சொல்லியிருக்கிறது. யாருக்கும் போகாத நம்பர் என்றால், நேரில் அடையாளச் சான்றோடு போகும்போது ஒரு வாய்ப்பு உண்டு.

அந்த 90 நாளைக் கெஞ்சுவதில் மட்டும் கழிக்காதீர்கள். நம்பர் இன்னொருவர் கைக்குப் போனால் உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். முதலில் வங்கிக்கு எழுதி நம்பரை மாற்றுங்கள் அல்லது நீக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுக் கிளையோ தூதரக அத்தாட்சியோ தேவைப்பட்டால் அதையும் அன்றே தொடங்குங்கள். அடுத்து கூகுள் கணக்கில் மீட்பு நம்பரை மாற்றுங்கள். பிறகு வாட்ஸ்அப் செட்டிங்கில் 'நம்பரை மாற்று' வழியாக வெளிநாட்டு நம்பருக்கு நகருங்கள், போன் இன்னும் திறந்திருக்கும்போதே செய்தால் பழைய நம்பருக்குக் குறியீடு தேவைப்படாது. ஆதாரில் உள்ள நம்பரை, ஊருக்கு வரும் முதல் விடுமுறையில் மாற்றிவிடுங்கள்.